படிக்கிறான்... புரியுதா?

(ஒரு கிளை நூலகத்தில் நடந்த பெற்றோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். கைப்பேசியில் படிக்கும் உங்களுக்காக இரண்டொரு இடங்களில் கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.)



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டு வேலையை அப்படியே விட்டுட்டு வந்திருக்கீங்க. அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வந்துடுறேன். நான் ஆசிரியர் இல்லை. இதழியல் படிச்சுட்டு, செய்தித் துறையில் அரசுத் திட்டங்களைப் பற்றி எழுதும் வேலையில் இருக்கேன். பாடம் நடத்துவது எப்படின்னு சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. எங்க வீட்ல நடந்த ஒரு விஷயத்தையும், அதுக்கப்புறம் நான் போய் உட்கார்ந்து பார்த்த ஒரு வகுப்பறையையும் பற்றித்தான் பேசப் போறேன்.

என் அக்கா பையன் அப்போ அஞ்சாம் வகுப்பு. தமிழ்ப் பாடத்தைக் கடகடன்னு வாசிப்பான். விருந்தாளி வந்தா, "டேய், அந்தப் பாடத்தைப் படிச்சுக் காட்டுடா"ன்னு அக்கா சொல்வாள். அவனும் மூச்சு விடாம ஒப்பிப்பான். எல்லோரும் கை தட்டுவோம்.

ஒருநாள் ரேஷன் கடையில் பருப்பு வந்துடுச்சான்னு பார்த்துட்டு வரச் சொன்னேன். கதவுல ஏதோ அறிவிப்பு ஒட்டியிருக்குன்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருந்தாங்க. போனவன் பத்து நிமிஷத்துல திரும்பி வந்தான். "என்னடா எழுதியிருந்துச்சு?"ன்னு கேட்டேன். "ஏதோ எழுதியிருக்கு சித்தி. நான் போட்டோ எடுத்துட்டு வந்துட்டேன், நீங்களே பாருங்க"ன்னு போனை நீட்டினான்.

வீட்ல எல்லோருக்கும் பெருமை. "பாரேன், இந்த வயசுல என்னா அறிவு!" நானும்தான் சிரிச்சேன். ராத்திரி சாப்பிடும்போதுதான் எனக்கு உறைச்சுது. போட்டோவுல இருந்தது மொத்தமே நாலு வரி, நல்லாத் தெளிவா, தமிழ்ல எழுதியிருந்தது. அதைப் படிச்சுட்டு வந்து சொல்ல அவனுக்கு ஏன் தோணலை?

மறுநாள் சும்மா விளையாட்டா அந்தப் போட்டோவைக் காட்டி வாசிக்கச் சொன்னேன். முதல் வரியில் பாதியிலேயே நின்னுட்டான். தெரிஞ்ச எழுத்துகளைச் சேர்த்து ஒரு சொல்லை ஊகிச்சான், அது தப்பு. அடுத்த சொல்லுக்குப் போனான். மூணாவது சொல்லுல என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்ச பார்வை அது. எத்தனை நாளா இதை மறைச்சு வெச்சிருந்தானோ! பாடப் புத்தகத்தை அவன் வாசிக்கவே இல்லை. வகுப்புல மத்த பிள்ளைங்க வாசிக்கக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்கான்.

உடனே பள்ளிக்கூடத்தைத் திட்டணும்னுதான் முதல்ல தோணுச்சு. அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, அவனோட ஒரே வீட்ல இருந்துக்கிட்டு எங்களுக்கே தெரியலை. போன் வேற அவனுக்குத் துணை. யூடியூப்ல ஒரு வீடியோ வேணும்னா எழுத்தைத் தட்ட மாட்டான், மைக்கை அழுத்தி வாயால சொல்வான். வாட்ஸ்அப்ல நாம அனுப்புறதும் வாய்ஸ் மெசேஜ்தான். வாசிக்கத் தெரியாத பிள்ளை ஒரு நாள் முழுக்க வாசிக்காமலே சமாளிக்க முடியும் இப்போ. நம்ம காலத்துல பஸ் போர்டைப் படிக்கலைன்னா வேற ஊர்ல இறங்கியிருப்போம்!

நாலாம் வகுப்புல என்ன மாறுதுன்னு கவனிங்க. முதல் மூணு வருஷம் எழுத்துக் கூட்டுறதே பாடம். நாலாம் வகுப்புக்கு வந்ததும் அறிவியல், சமூக அறிவியல், கணக்கு எல்லாமே வாசிச்சுத் தெரிஞ்சுக்கணும். எழுத்துக் கூட்டத் தெரியும்னு எல்லோரும் எடுத்துக்கிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிடுறாங்க. ஒரு கணக்கைப் பாருங்க. "ஒரு கடையில் இருந்த 240 மாம்பழங்களில், அழுகிய 85 நீங்கலாக மீதமுள்ளவை 5 கூடைகளில் சமமாக அடுக்கப்பட்டன எனில், ஒரு கூடையில் உள்ள பழங்கள் எத்தனை?" எங்க பையனுக்குக் கழித்தல் தெரியும், வகுத்தலும் தெரியும். வாயால சொன்னா 31ன்னு விடை சொல்லிடுவான். புத்தகத்துல இருந்தா முழிப்பான். காரணம் ரெண்டே சொல்: "நீங்கலாக", "எனில்". நம்ம வீட்ல யாராவது "எனில்"னு பேசுவோமா? "கணக்குல வீக்"னு நாம சொல்ற பிள்ளைங்கள்ல எத்தனை பேர் இப்படி வாசிப்புல மாட்டிக்கிட்டவங்களோ.

இது தமிழுக்குள்ளயே இருக்குற ஒரு சிக்கல். பேசுறது ஒண்ணு, எழுதுறது ஒண்ணு. "வந்துச்சு"ன்னு பேசுற பிள்ளைக்குப் புத்தகத்துல "வந்தது". "பாத்துட்டுப் போயிட்டான்" அங்க "பார்த்துவிட்டுச் சென்றுவிட்டான்" ஆயிடும். இருப்பினும், ஆகையால், எனவே, மாறாக... இந்தச் சின்னச் சொற்கள்தான் ஒரு பத்தியோட கீல் மாதிரி. அது புரியலைன்னா கதவு எந்தப் பக்கம் திறக்குதுன்னே தெரியாது.

எழுத்துலயும் சிக்கல் இருக்கு. 247 எழுத்துன்னு பெருமையா சொல்றோம். ஆனா பிள்ளையோட கண்ணால பாருங்க. "கொ"ன்னு எழுதினா முன்னாடி ஒரு கொம்பு, நடுவுல க, பின்னாடி ஒரு கால். கண்ணு மூணு துண்டைப் பார்த்து வாய் ஒரே ஓசையாச் சொல்லணும். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு மாறினா அர்த்தமே மாறிடும். செடி வேற, சேடி வேற. கையெழுத்துல காலும் "ர"வும் ஒண்ணு போல இருக்கும். இதையெல்லாம் தாண்டி வந்தா, நீளமான சொல் காத்துக்கிட்டு இருக்கும். "போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து"ங்கிறது ஒரே சொல்! நமக்குப் பழகிப்போச்சு. பத்து வயசுப் பிள்ளைக்கு அது ரயில் வண்டி.

எங்க பையன் விஷயம் தெரிஞ்சதும் எனக்குத் தூக்கம் போச்சு. வேலை நிமித்தமா ஓர் அரசு நடுநிலைப் பள்ளிக்குக் கட்டுரை எழுதப் போக வேண்டியிருந்துச்சு. அங்க ஐந்தாம் வகுப்புல கடைசி பெஞ்சுல ரெண்டு நாள் உட்கார்ந்தேன். அந்த டீச்சர் பேரைச் சொன்னா அவங்களுக்குப் பிடிக்காது, அதனால சொல்லலை.

முதல்ல கதையை அவங்களே சத்தமா வாசிச்சாங்க. அஞ்சாம் வகுப்புக்குப் போய்க் கதை வாசிச்சுக் காட்டணுமான்னு நினைச்சேன். பிள்ளைங்க வாயைப் பிளந்துக்கிட்டுக் கேட்டாங்க. ஒரு பையன் அப்பாவுக்குத் தெரியாம நாய்க்குட்டியை வீட்ல ஒளிச்சு வெச்சுக்கிற கதை. நாய்க்குட்டி குரைக்கப் போற இடத்துல புத்தகத்தை மூடிட்டாங்க. "இப்ப என்ன ஆகும்?"னு கேட்டாங்க. ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஒரு பொண்ணு, "அவங்க அப்பாவுக்கு முன்னாடியே தெரியும் டீச்சர்"னு சொல்லுச்சு. டீச்சர் சரின்னும் சொல்லலை, தப்புன்னும் சொல்லலை. "எந்த வரியைப் படிச்சு அப்படி நினைச்ச? காட்டு"ன்னாங்க. அந்தப் பொண்ணு புத்தகத்தை வாங்கித் தேடி ஒரு வரியில் விரலை வெச்சுது. அப்பா ராத்திரி சாப்பாட்டுல கொஞ்சம் பாலை மிச்சம் வெச்சாருன்னு அந்த வரியில இருந்துச்சு.

எனக்குச் சிலிர்த்துப் போச்சுங்க. அப்பாவுக்குத் தெரியும்னு கதையில எங்கயும் எழுதலை. அந்தப் பொண்ணு வரிக்குள்ள இருந்து எடுத்துச்சு. வாசிப்புன்னா இதுதான்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. அதுவரைக்கும் வேகமா வாசிச்சா நல்லா வாசிக்கிறான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

நீளமான சொல் வந்தா அந்த டீச்சர் கரும்பலகையில எழுதிட்டு, ஒரு பகுதியைக் கையால மறைச்சுடுவாங்க. "போய்க்கொண்டு" மட்டும் தெரியும். அப்புறம் கையைக் கொஞ்சம் நகர்த்துவாங்க. ரயில் பெட்டி பெட்டியா வரும். தடுமாறுற பிள்ளையை எழுப்பி எல்லோர் முன்னாடியும் வாசிக்கச் சொல்றதே இல்லை. பக்கத்துல உட்கார வெச்சு, ரெண்டு ரெண்டு பேரா மெதுவா வாசிக்க விட்டாங்க. "எல்லோரும் பார்க்க ஒரு தடவை சிரிப்பு வாங்கினா, அந்தப் பிள்ளை அப்புறம் வாயே திறக்காது மேடம்"னு என்கிட்ட சொன்னாங்க. எங்க பையன் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் வந்துச்சு.

ரெண்டாவது நாள் எழுதுற வகுப்பு. பள்ளிக்குப் பக்கத்துல ஒரு தெருவிளக்கு எரியலை. அதைப் பற்றி ஊராட்சித் தலைவருக்கு விண்ணப்பம் எழுதணும். பிள்ளைங்க பாட்டுக்கு "மதிப்பிற்குரிய ஐயா"ன்னு ஆரம்பிச்சு, மின்சாரத்தின் நன்மைகள் பற்றி ஒரு பக்கம் எழுதிட்டாங்க. டீச்சர் ஒரு பையனைக் கூப்பிட்டு, "நீதான் தலைவர். இந்தக் கடிதம் உன் கையில் இருக்கு. ஆளை அனுப்பி விளக்கைச் சரி பண்ணு"ன்னாங்க. அவன் படிச்சுப் பார்த்துட்டு, "எந்தத் தெருன்னே போடலையே டீச்சர்"னான். வகுப்பே சிரிச்சுது. அப்புறம் எல்லோரும் திருத்தினாங்க. எந்தத் தெரு, எந்தக் கம்பம், எத்தனை நாளா எரியலை, எந்த வழியாப் பிள்ளைங்க டியூஷன் முடிஞ்சு வராங்க. கடைசியில ஆறே வரியில நின்னுச்சு.

அரசுக்கு வர்ற மனுக்களைப் பற்றி எழுதுறவ நான். பெரியவங்க எழுதுற மனுவுலயே தெரு பேர் விட்டுப்போறதைப் பார்த்திருக்கேன். 1100க்குப் போன் பண்ணிப் புகார் சொன்னாலும் இதே விவரம்தான் கேட்பாங்க.

இப்போ அரசு என்ன செய்யுதுங்கிறதைச் சுருக்கமாச் சொல்லிடுறேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடினப்புறம், ஒன்றிலிருந்து எட்டு வரைக்குமான வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதிதான். அந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைங்க எழுத்து கத்துக்க வேண்டிய காலத்தை வீட்லயே கழிச்சாங்க. அவங்க 2025ல் ஆறாம் வகுப்புக்கு வந்தாங்க. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வியும், 2022ல் எண்ணும் எழுத்தும் திட்டமும் தொடங்கினாங்க. எண்ணும் எழுத்தும் முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் இருந்துச்சு, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்துக்கும் வந்துச்சு. ஆறு முதல் ஒன்பது வரைக்கும் பின்தங்கிய பிள்ளைங்களுக்கு 2025-26ல் "திறன்" வகுப்புகள் வந்துச்சு. வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா இருக்கும். அந்தப் பேர்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாலு, அஞ்சாம் வகுப்புக்கு "ஊஞ்சல்" இதழ், ஆறிலிருந்து "தேன்சிட்டு". உங்க பிள்ளை எந்தப் படியில் இருக்கான்னு அடுத்த தடவை வகுப்பாசிரியரைப் பார்க்கும்போது கேளுங்க. ரேங்க் என்னன்னு கேட்குறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான் இருக்கணும்னு சட்டமே சொல்லுது. அங்கயும் இந்தப் பேச்சு வரணும். சந்தேகம்னா பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண் இருக்கு.

முக்கியமா ஆறாம் வகுப்புக்குப் போற பிள்ளைங்க. தொடக்கப் பள்ளி அஞ்சாம் வகுப்போட முடிஞ்சா, புதுப் பள்ளிக்கூடம். அஞ்சு வருஷமா அவனைத் தெரிஞ்ச டீச்சர் அங்க இல்லை. பாடத்துக்கு ஒரு ஆசிரியர், மணி அடிச்சா அடுத்தவர். இவனுக்கு வாசிக்க வராதுன்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள பாதி வருஷம் ஓடிடும். அதனால அந்தக் கோடை விடுமுறை ரெண்டு மாசமும் தங்கம் மாதிரி.

வீட்ல என்ன பண்ணலாம்? இன்னைக்கு ராத்திரி ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. பாடப் புத்தகம் வேண்டாம், அது மனப்பாடமா இருக்கும். பிள்ளை இதுவரைக்கும் பார்க்காத ஏதாவது அஞ்சாறு வரி: கல்யாணப் பத்திரிகை, கிரிக்கெட் செய்தி, மசாலா பாக்கெட்டின் பின்பக்கம், எதுவானாலும் சரி. வாசிக்கச் சொல்லிட்டு, பக்கத்தை மூடிட்டு, "என்ன சொல்லியிருக்கு? உன் பேச்சுல சொல்லு"ன்னு கேளுங்க. சொன்னா சந்தோஷம். வாசிச்சும் சொல்லத் தெரியலைன்னா, அதுதான் நான் இவ்வளவு நேரம் பேசினது. வாசிக்கவே தடுமாறினா, தயவுசெய்து முகத்தை மாத்திக்காதீங்க. பிள்ளைங்க நம்ம புத்தகத்தைவிட நம்ம முகத்தை நல்லாப் படிப்பாங்க.

முதல்ல கண்ணைச் சோதிச்சுப் பாருங்க. கரும்பலகை மங்கலாத் தெரியுறதை மக்குன்னு நினைச்ச கதை எத்தனையோ இருக்கு. பள்ளியிலேயே கண் பரிசோதனையும் இலவசக் கண்ணாடியும் உண்டு. கண் நல்லா இருந்து, உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தும் மாசக்கணக்கில் எழுத்து மாறிக்கிட்டே இருந்தா, டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடாவும் இருக்கலாம். அதை ஆசிரியர் வழியா முறைப்படி பார்க்கணும். நாமளே பேர் வைக்க வேண்டாம்.

போனைப் பிடுங்குங்கன்னு சொல்ல மாட்டேன். சொன்னாலும் யாரும் கேட்கப் போறதில்லை, நானும் சேர்த்துத்தான்! மைக்கை மட்டும் கொஞ்ச நாள் ஒதுக்கி வெச்சுட்டு, தேடணும்னா தமிழ் கீபோர்டில் தட்டச் சொல்லுங்க. "குழந்தை"ன்னு தட்டணும்னா எந்த "ழ"ன்னு யோசிச்சே ஆகணும். பாடப் புத்தகத்தில் இருக்கிற க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் பண்ணினா தீக்‌ஷா செயலியில் அந்தப் பாடத்தின் காணொளி வரும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நாலு நிலைகளாப் பிரிச்சு இலவசமா இருக்கு. எங்க பையனுக்கு நான் ரெண்டாம் நிலையிலிருந்துதான் ஆரம்பிச்சேன். "இது சின்னப் பிள்ளைங்க கதை சித்தி"ன்னு முதல்ல முறைச்சான். "உன் தங்கச்சிக்கு வாசிச்சுக் காட்டணும், அதுக்குத்தான்"னு சொன்னேன். மானம் காப்பாத்தப்பட்டுச்சு. தினமும் தங்கச்சிக்கு ஒரு கதை, நாங்க யாரும் பக்கத்துல போக மாட்டோம்.

அப்புறம் இந்த நூலகம். 1948லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. சொத்து வரியோட சேர்த்து நூலக வரியும் கட்டுறீங்க. இந்தக் கதைப் புத்தகங்களுக்கு ஏற்கெனவே காசு கொடுத்தாச்சு, எடுத்துட்டுப் போகலைன்னா நமக்குத்தான் நஷ்டம்.

கூட்டத்துல பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து கேட்டாங்க. "எனக்கே படிக்கத் தெரியாதுங்க. நான் எப்படிச் சொல்லிக் குடுக்க?" அரங்கம் அமைதியாயிடுச்சு. நான் பேசினதுலேயே எனக்குத் தயக்கமா இருந்த இடம் அதுதான். படிச்ச வீட்டுக்கு ஆலோசனை சொல்லிட்டு, இவங்களை மறந்துட்டேனோன்னு. நான் சொன்ன பதில் இது: "நீங்க சொல்லிக் கொடுக்க வேண்டாம்மா. அவளை வாசிக்கச் சொல்லிட்டுக் கேளுங்க. முடிச்சதும் கதை என்னன்னு கேளுங்க. ஏன் அப்படி ஆச்சுன்னு கேளுங்க. உங்களுக்குக் கதை தெரியாதுங்கிறதால அவ நிஜமாவே சொல்லணும். எனக்குச் சொன்னா, சித்திக்குத்தான் தெரியுமேன்னு பாதியில விட்டுடுவா." அதோட, நீங்க உங்க பாட்டிகிட்ட கேட்ட கதையை நீங்க சொல்ல, அவளை எழுதச் சொல்லுங்கன்னேன். தான் சொன்ன கதை தாளில் எழுத்தா மாறுறதைப் பார்க்கிறதும் ஒரு படிப்புத்தான். 15 வயசுக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்குப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் வகுப்பு நடக்குது. பக்கத்து அரசுப் பள்ளியில் விசாரிக்கலாம். அந்த அம்மா கூட்டம் முடிஞ்சதும் வந்து, நேரம் என்னன்னு கேட்டுட்டுப் போனாங்க.

எங்க பையன் கதைக்கு வரேன். நாலு மாசம் ஆச்சு. நடுவுல மூணு வாரம் தொடவே இல்லை, அதையும் சொல்லணும். பரீட்சை, காய்ச்சல், ஒரு கல்யாணம். இன்னும் நிறுத்தி நிறுத்தித்தான் வாசிக்கிறான். முன்ன மாதிரி கடகடன்னு வராது. விருந்தாளி வந்தா இப்போ யாரும் வாசிச்சுக் காட்டச் சொல்றதில்லை.

போன வாரம் ரேஷன் கடைக்குப் போய்ட்டு வந்தான். "பருப்பு வந்துடுச்சு சித்தி. ஆனா கைரேகை மெஷின் வேலை செய்யலையாம். மூணு மணிக்கு மேல வரச் சொல்லி எழுதியிருக்கு"ன்னான்.

"போட்டோ எங்கடா?"ன்னு கேட்டேன்.

"அது எதுக்கு? நான்தான் படிச்சுட்டேனே"ன்னுட்டு, பையை வெச்சுட்டு விளையாடப் போயிட்டான்.